அழகில்லாத நான்கு வரிகள்

2014 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கீசி மலைப்பகுதியில் நியாசோண்டா அகாடமியின் பேருந்து இறக்கத்தில் வேகம் தணியாமல் வந்து, ஓடைப்பாலத்தின் சுவரை இடித்துக் கவிழ்ந்தது. உள்ளே முப்பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பதினான்கு பேருக்குக் காயம். மூன்றாம் வகுப்பில் படித்த ஒசியேமோ அந்த இடத்திலேயே இறந்தான். ஓட்டுநர் ஒன்சிரியை மறுநாள் காலையில் போலீஸ் கைது செய்தது.

செய்தி வந்தபோது ட்ருபேனா டீச்சர் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி சொன்னாள். பஸ், பாலம், பிரேக் என்ற மூன்று சொற்கள்தான் டீச்சர் காதில் நின்றன. எந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே அவருக்கு ஒரு நோட்டு நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு கெருபோவின் கட்டுரை நோட்டு. பிள்ளைகளை நினைப்பதற்கு முன்னால் நோட்டை நினைத்தோமே என்பது பின்னால் பல மாதங்கள் அவரை அரித்தது.

அந்த நோட்டு வீட்டுக்குள்தான் இருந்தது. மேசையில், திருத்தி முடித்த முப்பத்து நான்கு நோட்டுகளின் அடுக்கில், மேலிருந்து ஏழாவதாக.

நியாசோண்டா அகாடமியில் ட்ருபேனா பதினோரு வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். எட்டாம் வகுப்பு முடிவில் நாடு முழுவதும் எழுதும் பரீட்சையில் கட்டுரைக்கு நாற்பது மதிப்பெண். அந்த நாற்பதில் முப்பத்தைந்துக்குக் குறையாமல் வாங்க வைப்பவர் என்று அவருக்குப் பேர். வழி எளிமையானது. தாள் திருத்துகிறவர் ஒரு கட்டுரைக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கண்ணை இழுக்க வேண்டும். அதற்குத்தான் மரபுத்தொடர்கள். பச்சை அட்டை போட்ட பட்டியல் ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இருந்தது. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், மொத்தம் இருநூற்று நாற்பது. பூனையும் நாயுமாக மழை பெய்தது என்றால் பலத்த மழை. மரக்கட்டைபோல் உறங்கினான் என்றால் அசந்து தூங்கினான். இதயம் வாய்க்கு வந்தது என்றால் பயந்துபோனான்.

“பல்லின் தோலில் தப்பினான். அப்படின்னா?”

“மயிரிழையில் தப்பினான்!” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தும்.

“டீச்சர், பல்லுக்கு ஏது தோலு?” என்று யாராவது ஒருவன் ஒவ்வொரு வருடமும் கேட்பான்.

“நீ பல்லு தேய்க்கிற லட்சணத்துக்கு உன் பல்லுல தோல் மட்டுமா இருக்கும், செடியே முளைச்சிருக்கும். எழுதுடா.”

சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். மழையே இல்லாத கதையிலும் பூனையும் நாயும் பெய்யும். எந்தக் கதையிலும் எவனோ ஒருவன் பல்லின் தோலில் தப்புவான். மாவட்டம் முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான். ட்ருபேனா மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தார், அவ்வளவே.

மே 28, புதன்கிழமை கொடுத்த தலைப்பு ‘நான் மறக்க முடியாத நாள்’. முப்பத்து நான்கு பேரில் பதினோரு பேர் பிரேக் பிடிக்காத பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் திருடர்களைப் பற்றி. மற்றவர்கள் தீ விபத்து, வெள்ளம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கெருபோவும் பஸ்ஸைத்தான் எழுதியிருந்தாள். முதல் பக்கம் பச்சை அட்டைப் பட்டியலிலிருந்து அப்படியே இறங்கியிருந்தது. ட்ருபேனாவின் சிவப்புப் பேனா சரி, சரி என்று போட்டுக்கொண்டே வந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான்கு வரிகள் வேறு மாதிரி இருந்தன.

‘டிரைவர் நியாமொண்டே சந்தை முக்கில் பஸ்ஸை நிறுத்திப் பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு கல் வைத்தார். பிரேக்கைக் கையால் அழுத்தினார், அது தரை வரைக்கும் போனது. டைரக்டருக்குப் போன் பண்ணி, பிள்ளைகளை ஏற்றி இதை இனிமேல் ஓட்ட மாட்டேன் என்றார். முதல் கியரில் மெதுவாக வா, லீவில் பார்க்கலாம் என்று டைரக்டர் சொன்னது போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது.’

ட்ருபேனா அந்த நான்கு வரிகளுக்கும் அடியில் வளைவு வளைவாகக் கோடு இழுத்தார். ஓரத்தில் எழுதினார்: ‘தட்டையாக இருக்கிறது. அழகில்லை. மரபுத்தொடர் எங்கே?’

மறுநாள் மதியம் கெருபோ ஆசிரியர் அறை வாசலில் நோட்டோடு வந்து நின்றாள். பதின்மூன்று வயது, ஒல்லி. பேசும்போது ஆளைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்ப்பாள்.

“டீச்சர், இந்த நாலு வரியையும் எடுத்துடணுமா?”

“எடுக்க வேணாம்மா, மாத்து. இதயம் வாய்க்கு வந்ததுன்னு போடு, பல்லின் தோலைப் போடு. நாப்பதுக்கு முப்பத்தெட்டு வாங்குற கட்டுரை இது. நடுவுல என்னடான்னா போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதின மாதிரி எழுதி வச்சிருக்கே.”

“ஆனா அது நெஜமாவே நடந்துச்சு டீச்சர். திங்கக்கிழமை. நான்தானே கடைசி ஸ்டாப்பு. கூட ரெண்டு குட்டிப் பசங்க, அதுங்க தூங்கிட்டு இருந்துச்சுங்க.”

டீச்சர் கையில் டீ இருந்தது. அது ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது நோட்டு பாக்கி. “தாள் திருத்துறவருக்கு அது நெஜம்னு எப்படித் தெரியும்? நெஜத்துக்கு மார்க் கிடையாதும்மா. அழகுக்குத்தான் மார்க்.”

கணக்கு வாத்தியார் சிரித்தார். “என் பாடத்துல அழகுக்கு மார்க் இல்ல, கெருபோ. இங்க வந்துடு.”

கெருபோவும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னது ட்ருபேனா காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. ‘நெஜமா நடந்துச்சு டீச்சர்’ என்று சொல்லாத பிள்ளை எது? பேய் பார்த்தவனும் அதைத்தான் சொல்வான்.

முப்பத்தாறுக்கு மேல் வாங்கிய கட்டுரையை வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் உரக்கப் படிப்பது அந்தப் பள்ளி வழக்கம். நான்கு வரிகளையும் நீக்கி, இரண்டு மரபுத்தொடர்களை வைத்து, ட்ருபேனாவே நல்ல தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தார். கெருபோ கொடிக்கம்பத்தின் அருகில் நின்று படித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளியின் உரிமையாளரும் டைரக்டருமான மொசோட்டி முன்வரிசையில் நின்று கைதட்டி, அவளுக்கு ஒரு ஜியாமெட்ரி பெட்டி கொடுத்தார். வாயிலோரம் பஸ் டயரைக் கழுவிக்கொண்டிருந்த ஒன்சிரியும் ஈரக்கையோடு தட்டினார். பிரதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

பதினெட்டு நாள் கழித்து பஸ் பாலத்தில் மோதியது.

ஒசியேமோவை அடக்கம் செய்த மறுநாள் மொசோட்டி ட்ருபேனாவைத் தன் அறைக்கு அழைத்தார். நன்றாக உடுத்துகிற, யாரையும் உட்காரச் சொல்லிவிட்டே பேசுகிற மனிதர்.

“உக்காருங்க மேடம். போர்டுல அந்தப் பொண்ணு கட்டுரை இருக்கு பாருங்க, அதை எடுத்துடுங்க. பத்திரிகைக்காரன் எவனாவது பாத்தான்னா கண்ணு, காது, மூக்கு எல்லாம் வச்சிடுவான்.”

“அது வெறும் கதைதானே சார்?”

கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார் ட்ருபேனா. அதில் ஒரு சலனமும் இல்லை.

“கதைதான். எல்லாப் பிள்ளையும் பிரேக் போன கதைதானே எழுதுது. நீங்கதானே சொல்லிக் குடுக்குறீங்க.” மேசை மீதிருந்த பேனாவை நேராக வைத்தார். “தூங்குற நாயை எழுப்பாதேன்னு உங்க லிஸ்ட்ல ஒண்ணு வருமே, எத்தனாவது?”

“நூத்திப் பன்னெண்டு சார்.”

வாயில் வந்த பிறகுதான் பதில் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. மொசோட்டி தலையசைத்தார். ட்ருபேனா வெளியே வந்து, தாளைக் கிழியாமல் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கெருபோவின் நோட்டை அடுக்கிலிருந்து உருவி, சோள மாவுத் தகரத்துக்குப் பின்னால் சொருகினார். ஏன் ஒளிக்கிறோம், யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. களி கிண்ட மாவெடுக்கும்போதெல்லாம் அதன் நீல அட்டை தெரிந்தது.

ஒன்சிரியின் மனைவி பொனாரேரி சந்தையில் வாழைப்பழம் விற்பவள். ஜூலை முதல் வாரம் ட்ருபேனா அவளைப் பார்க்காத மாதிரி தாண்டிப்போக முயன்றார். முடியவில்லை.

“ம்வாலிமு! என்ன, கண்ணு தெரியாமப் போச்சா? உங்க கண்ணாடிதான் இம்மாம் பெருசா இருக்கே.” டீச்சரை ஊரில் ம்வாலிமு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இல்ல பொனாரேரி, அவசரமா… எப்படி இருக்காரு?”

“ரிமாண்டுல எப்படி இருப்பாரு? எளைச்சுட்டாரு. டைரக்டர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்னு அடிச்சுச் சொல்றாரு. போலீஸ்காரன் கேக்குறான், எழுத்துல இருக்கான்னு. போன் கம்பெனித் தாள்ல போன் போனது இருக்காம், பேசினது இல்லியாம். டிரைவர் எங்கியாவது எழுதி வப்பானா ம்வாலிமு? எழுதுறதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்க வேலை.”

பக்கத்தில் தக்காளி விற்ற பெண் தன் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பஸ்ஸைக் கவுத்த எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்லுவான். செத்தது சின்னப் புள்ள.”

“உன் வீட்டுக்காரன் எதையாவது ஓட்டியிருந்தா உனக்குத் தெரியும். அவன் ஓட்டுனது ஈ மட்டுந்தான்.” பொனாரேரி திரும்பி ட்ருபேனாவைப் பார்த்தபோது குரல் இறங்கியிருந்தது. “பத்து வருசம் வரைக்கும் போட முடியும்னு வக்கீல் சொல்றாரு. அவரு சொன்னாருன்னு சொல்ல ஒரு சாட்சி கெடைச்சாப் போதுமாம். நீங்க ஸ்கூல்லயே இருக்கீங்க. யாராவது ஏதாவது கேட்டிருந்தா விசாரிச்சுச் சொல்லுங்க ம்வாலிமு. உங்களத்தான் நம்பியிருக்கேன்.”

“விசாரிக்கிறேன்” என்றார் ட்ருபேனா. அந்த ஒரு சொல்லை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனார். யாரை விசாரிப்பது? மாவுத் தகரத்தையா?

நோட்டைக் கொடுத்தால் வேலை போகும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கையைக் கட்டியது அது இல்லை. அந்த நோட்டில் ஒன்சிரி சொன்னதைச் சொல்லும் வரிகளுக்கு அடியில் இருப்பது தன் சிவப்புக்கோடு. ஒரு பள்ளிக்கூடத்துக்கே கேட்டிருக்க வேண்டியதைத் தான் ஒருத்தியே அடித்துவிட்டு, பதிலாகப் பல்லின் தோலை வைத்ததை ஊர் முழுக்கப் படிக்கும். ஒசியேமோவின் தாய் படிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அவர், பஸ்ஸில் காயம்பட்ட பதினான்கு பேரில் ஒருத்தியான கெருபோவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். தொடை எலும்பு முறிந்து, கால் கட்டிலின் கம்பியில் கயிறும் எடையுமாகக் கட்டி உயர்த்தப்பட்டிருந்தது. பழங்களை வைத்துவிட்டு, பாடம் எவ்வளவு போயிருக்கிறது என்று ஏதேதோ பேசினார். கெருபோ மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கவா?”

“கேளும்மா.”

“அந்த நாலு வரியை நான் இன்னும் நல்லா எழுதியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

ட்ருபேனா பழங்களை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“படுத்துட்டே யோசிச்சேன் டீச்சர். எப்படி எழுதியிருக்கணும்னு. பட்டியல்ல தேடினேன், அதுக்குச் சரியா ஒண்ணும் கெடைக்கல. எனக்கு எழுதத் தெரியலைன்னுதானே ஒசியேமோ…”

“இல்ல. இல்லடி தங்கம். நீ சரியாத்தான் எழுதின. அந்த நாலு வரிதான் அதுலயே சரி. எனக்குத்தான் படிக்கத் தெரியல.”

கெருபோ நம்பினாளா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள். ட்ருபேனா நேராக வீட்டுக்கு வந்து, மாவுத் தகரத்தை நகர்த்தி, நோட்டை எடுத்துத் துடைத்தார். திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒன்சிரியின் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வக்கீல் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு, தேதியைப் பார்த்தார்.

“பொண்ணு இப்ப வந்து சொன்னா, சொல்லிக் குடுத்ததுன்னு தள்ளிடுவாங்க. இது விபத்துக்கு மூணு வாரம் முன்னாடி எழுதினது. நீங்க கூண்டுல ஏறணும் மேடம். ஏறுவீங்களா?”

“ஏறுறேன்.”

அக்டோபர் 14 அன்று ஏறினார். மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். பின்வரிசையில் மொசோட்டி உட்கார்ந்திருந்தார், அவருக்கு இரண்டு இடம் தள்ளி ஒசியேமோவின் பெற்றோர். அரசுத் தரப்பு வழக்கறிஞர் வஃபுலா அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

“இந்தத் தலைப்புல எத்தனை பிள்ளைங்க எழுதினாங்க மேடம்?”

“முப்பத்து நாலு.”

“பிரேக் பிடிக்காத பஸ்ஸை எழுதினவங்க?”

“பதினோரு பேர்.”

வஃபுலா மற்ற நோட்டுகளையும் வரவழைத்து வைத்திருந்தார். ஒன்றைப் பிரித்து வாசித்தார். ‘என் இதயம் வாய்க்கு வந்தது.’ இன்னொன்றைப் பிரித்தார். ‘என் இதயம் வாய்க்கு வந்தது.’ மூன்றாவதையும் அதே வரியில் பிரித்தார். “பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல இதயம் இடம் மாறியிருக்கே. டாக்டரைக் கூப்பிட்டீங்களா?”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

“நான் சொல்லிக்குடுத்தது அது” என்றார் ட்ருபேனா.

“அப்போ கற்பனையா எழுதச் சொல்லிக்குடுத்திருக்கீங்க. பத்து பேர் எழுதினது கற்பனை, பதினோராவது ஆள் எழுதினது சாட்சியமா? எப்படிப் பிரிச்சீங்க?”

“அந்த நாலு வரியில நான் சொல்லிக்குடுத்த சொல் ஒண்ணுகூட இல்ல.”

“பிள்ளைக்கு அலுப்பா இருந்திருக்கலாம். அந்த இடத்துல மறந்திருக்கலாம். நீங்களே என்ன எழுதியிருக்கீங்க பாருங்க. ‘அழகில்லை.’ சாட்சியம்னு எழுதலையே. அன்னிக்கு உங்களுக்கே கதையாத் தெரிஞ்சது, இன்னிக்கு எப்படி உண்மையாச்சு?”

இதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அது நோட்டில் எங்கும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியார் ஜூலையிலேயே வேறு பள்ளிக்குப் போய்விட்டார். வக்கீலிடம்கூட ட்ருபேனா அதைச் சொல்லியிருக்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, வஃபுலாவைத் தாண்டி, ஒசியேமோவின் தாய் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு எங்கிட்ட சொன்னா. இது நெஜமா நடந்துச்சு டீச்சர்னு.”

“எப்போ?”

“மே இருபத்தொம்பது. மதியம். ஆசிரியர் அறையில.”

“விபத்துக்கு முன்னாடியா?”

“பத்தொம்பது நாள் முன்னாடி.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“நெஜத்துக்கு மார்க் இல்லைன்னு சொன்னேன். அந்த நாலு வரியை எடுத்துட்டு, அசெம்பிளியில படிக்க வச்சேன்.”

ஒசியேமோவின் தாய் எழுந்து வெளியே போனாள். அவள் கணவன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் பின்னால் போனான். மாஜிஸ்திரேட் சாட்சியின் வார்த்தைகளை மெதுவாக எழுதிக்கொண்டார். கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னார். ட்ருபேனா மறுபடி சொன்னார். வஃபுலா மேலும் கேள்வியில்லை என்று உட்கார்ந்தார்.

ஒன்சிரியின் வக்கீல் எழுந்து, போன் கம்பெனித் தாளை நீட்டினார். மே 26 திங்கட்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு ஒன்சிரியின் எண்ணிலிருந்து மொசோட்டியின் எண்ணுக்கு மூன்று நிமிட அழைப்பு. நியாமொண்டே சந்தையிலுள்ள செல்போன் கோபுரம் வழியாகப் போயிருந்தது.

வெளியே வராந்தாவில் பொனாரேரி நின்றிருந்தாள். ட்ருபேனா அருகில் வந்ததும் கையை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“ஜூலையில நான் கேட்டப்போ அது உங்க வீட்லயா இருந்துச்சு?”

“ஆமா.”

“நாலு மாசமா உள்ள இருக்காரு ம்வாலிமு.”

“அந்தத் திங்கக்கிழமையே குடுத்துட்டேன், பொனாரேரி.”

“நான் கேட்டது எந்தக் கிழமை?”

“செவ்வா.”

பொனாரேரி தலையாட்டினாள். படியிறங்கிப் போனாள்.

நவம்பர் 27, வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து ஒன்சிரி விடுவிக்கப்பட்டார். பழுதென்று தெரிந்தும் வண்டியை ஓட்டியதற்கு ஐந்து மாதச் சிறை. ரிமாண்டில் இருந்த நாள்கள் அதற்குச் சரியாகிவிட்டதால் அன்று மாலையே வெளியே வந்தார். மொசோட்டி மீது வழக்குப் பதியச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அது பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளிப் பேருந்தின் உரிமம் ரத்தானது. கெருபோ அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஆசிரியர் பட்டியலில் ட்ருபேனாவின் பெயர் இல்லை.